ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வயது ஏற ஏற உதவித் தேவை மாறுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அரசுப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்தவள், மருத்துவர் இல்லை. மருந்து, வலிப்பு, மனச்சோர்வு என்று பேச்சு வரும் இடத்தில் மருத்துவரிடம் போகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். சில பதில்கள் நீளம், சில இரண்டு வரி. கேள்வியின் கனம் அப்படி.

மூன்று வயதில் அறிக்கையில் 'லெவல் 2' என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசிவரை இதுதானா?

கடைசிவரை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வயதில், அன்றைய நாளில், அந்த அறையில் பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேண்டியிருந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் இந்த மூன்று நிலைகள் வந்தன: உதவி தேவை, கணிசமான உதவி தேவை, மிகக் கணிசமான உதவி தேவை. இந்த நிலை இடத்துக்கு இடம் வேறுபடலாம், காலப்போக்கில் ஏறி இறங்கலாம் என்று அதே கையேட்டில் எழுதியிருக்கிறது. அறிக்கையைக் கையில் வாங்கும் அன்று இதை யாரும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலையை இரண்டு தலைப்பில் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பிறரோடு பேசிப் பழகுவது ஒன்று. மாற்றத்தைத் தாங்காமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஓசை, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ கூசுவது எல்லாம் சேர்ந்து இன்னொன்று. ஒரு பிள்ளைக்கு முதலாவதில் 1, இரண்டாவதில் 3 இருக்கலாம். அறிக்கையில் ஒரே ஓர் எண் இருந்தால் எதற்கான எண் என்று கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 பட்டியலில் இந்த எண்களே கிடையாது.

கலிபோர்னியாவின் யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே பிள்ளைகளை மூன்று வயதிலும் ஆறு வயதிலும் அளந்து பார்த்தார்கள். 2021இல் வெளிவந்த அந்த முடிவின்படி, பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு அறிகுறிகளின் தீவிரம் அப்படியே இருந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலானவர்களுக்குக் குறைந்தது. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்குக் கூடியது. உங்கள் பிள்ளை இந்த மூன்றில் எதில் வரும் என்று மூன்று வயதில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் மாறுவது எது? ஆட்டிசமா, பிள்ளையா?

பிள்ளை வளர்கிறது. பிள்ளையிடம் ஊர் எதிர்பார்ப்பதும் கூடவே வளர்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியை நிரப்பத்தான் உதவி தேவைப்படுகிறது. எதிர்பார்ப்பு ஓட, திறன் நடந்து வந்தால் தேவை கூடிவிடும். அதற்குப் பிள்ளை ஓரடிகூடப் பின்வாங்கியிருக்க வேண்டியதில்லை.

செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பையன், வீட்டில் பாட்டி. தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டியின் கையைப் பிடித்து இழுப்பான். பாட்டிக்குப் புரிந்துவிடும். சோற்றில் குழம்பு படக்கூடாது, தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவனுக்குப் பெரிதாக உதவி தேவையில்லை என்றே தோன்றும். பாட்டி ஒரு மாதம் ஈப்போவில் சின்ன மகன் வீட்டுக்குப் போகட்டும், 'பையன் திடீரென்று மோசமாகிவிட்டான் டீச்சர்' என்று அப்பா வந்து நிற்பார். பையன் அப்படியேதான் இருக்கிறான். உதவிதான் ரயிலேறிப் போய்விட்டது.

கனடாவில் புதிதாக ஆட்டிசம் கண்டறியப்பட்ட 421 சிறு பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறிகுறிகள் குறைவதும், பிள்ளை அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழகுவதும் கைகோத்துக்கொண்டு போவதில்லை என்பது அதில் தெரிந்தது. நான் வகுப்பில் பார்த்ததும் அதுதான். கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லப் பழகிய பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. நாள் முழுக்கக் கையை உதறிக்கொண்டே இருக்கும் பிள்ளை தன் பையைத் தானே அடுக்கும், கழிப்பறைக்குத் தானே போய் வரும். எனக்கு இரண்டாவது பிள்ளையைப் பற்றித்தான் கவலை குறைவு.

எந்த வயதில் தேவை கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியுமா?

ஓரளவு முடியும். இந்த நாட்டில் பிள்ளைகள் கடக்கும் வாசல்கள் நமக்குத் தெரிந்தவைதானே.

முதல் வாசல் ஏழு வயது, ஒன்றாம் ஆண்டு. பாலர்பள்ளியில் விளையாட்டும் பாட்டுமாக இருந்த பிள்ளை, சபைகூடலில் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். மணி அடிக்கும். சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து, மீதி வாங்கி, நெரிசலில் இடம் தேடி, ஓய்வு நேரம் முடிவதற்குள் சாப்பிட்டு எழ வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிப் புத்தகங்கள். பாடம் கடினமாவதற்கு முன்பே சிற்றுண்டிச்சாலை கடினமாகிவிடும். நான் மேலே சொன்ன அதே கனடா ஆய்வுக் குழு பின்னால் இன்னொன்றையும் கவனித்தது: ஆறு வயதுவரை அறிகுறிகள் குறைந்துகொண்டே வந்த பிள்ளைகள் பலருக்கு, அங்கே பள்ளி தொடங்கும் அந்த வயதை ஒட்டி அந்த இறக்கம் நின்றுபோனது. எனவே பாலர்பள்ளியில் நன்றாக இருந்தான் என்பதை வைத்து ஒன்றாம் ஆண்டைத் திட்டமிடாதீர்கள்.

அடுத்தது பலர் எதிர்பாராத இடம்: நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு. மற்றப் பிள்ளைகளின் நட்பு அந்த வயதில் உருமாறிவிடும். ஓடிப்பிடித்து விளையாடியவர்கள் கூடி நின்று கிசுகிசுப்பார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள், சொல்வது ஒன்றும் அர்த்தம் வேறொன்றுமாக இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஓரத்தில் நிற்கும். தான் வேறு மாதிரி இருக்கிறோம் என்று அதற்கே முதன்முதலாகப் புரிவதும் இப்போதுதான். வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போகமாட்டேன் என்ற அடம் என்று பதற்றம் பல வேடத்தில் வரும். மதிப்பெண் நன்றாக இருந்தால் ஆசிரியர் கவனிக்கமாட்டார்.

மூன்றாவது, படிவம் 1. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்கு. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பெரும்பாலும் மலாயில். பெயர் சொல்லி அழைத்த காவலாளி மாமாவும் இல்லை, சாப்பாடு எடுத்து வைத்த சிற்றுண்டிச்சாலை அக்காவும் இல்லை. கூடவே உடம்பும் பருவமடைகிறது. முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே புதிய பள்ளிக்குப் பிள்ளையை இரண்டு மூன்று முறை அழைத்துப்போங்கள். ஆள் இல்லாத நேரத்தில் வகுப்பறை, கழிப்பறை, வாசல் எல்லாவற்றையும் படம் பிடித்து வீட்டில் காட்டுங்கள். கழிப்பறையை மறக்காதீர்கள், நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன ஆண்டு தைப்பூசத்துக்குப் பத்துமலை வந்தான், 272 படியும் ஏறினான். இந்த ஆண்டு ரயிலை விட்டு இறங்கவே இல்லை. பின்னோக்கிப் போகிறானா?

ஒரு நாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உறுமி மேளம், நெரிசல், ஊதுபத்திப் புகை, வெயில் எல்லாம் சேர்ந்து வரும் இடம் அது. ஒரு பிள்ளை இதையெல்லாம் எவ்வளவு தாங்கும் என்பது முந்தைய இரவுத் தூக்கம், சளிக்காய்ச்சல், அந்த வாரம் பள்ளியில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து மாறும். போன ஆண்டு நீங்கள் தூக்கிக்கொண்டீர்களா, கையைப் பிடித்து நடத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தோளில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் வேறு, இடுப்பளவு உயரத்தில் முட்டி மோதும் கூட்டம் வேறு.

போன முறை அங்கே ஏதாவது பயந்திருந்தால் அவன் மறந்திருக்கமாட்டான், நாம் மறந்திருப்போம். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்போ பின்போ சாதாரண நாள் காலையில் போங்கள், ஓசை குறைக்கும் காதுமூடி எடுத்துப்போங்கள். தேர் பார்க்கத்தான் ஆசை என்றால், ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலில் தேர் புறப்படும் இடத்துக்குப் பதிலாக வழியில் கூட்டம் குறைந்த ஓரிடத்தில், உடனே காருக்குத் திரும்பக்கூடிய தொலைவில் நில்லுங்கள். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். உறவினர்கள்தான் கோபிப்பார்கள்.

இதே மாதிரிப் பின்வாங்கல் பள்ளியிலும் வீட்டிலும் பல வாரம் தொடர்ந்தால் அது வேறு விஷயம், அடுத்த பதிலைப் பாருங்கள்.

பேசிக்கொண்டிருந்த பிள்ளை சொற்களை இழந்துவிட்டது. ஏன்?

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் சில சொற்களையும் கையசைப்பையும் இழப்பது ஆட்டிசத்தில் அறியப்பட்ட ஒன்று. அதனால்தான் அரசு சுகாதார கிளினிக்கில் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளை 18ஆம் மாதத்தில் மட்டுமன்றி மூன்று வயதிலும் நிரப்பச் சொல்கிறார்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று வந்தது என இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிந்திய வயதில், ஐந்திலோ பதினைந்திலோ, பேச்சோ பழகிய திறனோ போனால் ஆட்டிசம் என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போங்கள். வலிப்பு, மனச்சோர்வு, மருந்தின் விளைவு, காது கேட்காமை எதுவாகவும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, முதன்முதலாகப் பருவ வயதில் தலைகாட்டுவதும் உண்டு. கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்பதுகூட வலிப்பாக இருக்கலாம். கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்கு வயதாகியும் பேசவில்லை. இனிமேல் பேசுவானா?

அமெரிக்காவில் நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த 535 பிள்ளைகளைப் பற்றிய தரவுகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள். எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ அவர்களில் 70 விழுக்காட்டினர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள், 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். நான்கு வயதோடு கதவு சாத்திவிடும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் மீதி 30 விழுக்காட்டையும் மறைக்க நான் தயாரில்லை. சிலர் வாயால் பேசமாட்டார்கள், அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

அதனால் பேச்சுக்காகக் காத்திருக்காமல் இன்றே ஒரு வழியைக் கொடுங்கள். படங்களைக் காட்டிக் கேட்பது, டேப்லெட்டில் அழுத்தினால் குரல் வரும் செயலி, கைச்சைகை, எதுவானாலும் சரி. படம் காட்டப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பல வீட்டில் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியிருக்கிறது. கேட்க வழியில்லாத பிள்ளைதான் அடிக்கும், கடிக்கும். வழி கிடைத்ததும் 'லெவல் 3' என்று எழுதப்பட்ட சில பிள்ளைகள் அமைதியாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குழப்பம் வேண்டாம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். தமிழை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி பின்தங்கிவிடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நீங்கள் எந்த மொழியில் இயல்பாகக் கொஞ்சுவீர்களோ, அதட்டுவீர்களோ, கதை சொல்வீர்களோ அந்த மொழிதான் பிள்ளைக்கு வேண்டும். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் 'கம் ஹியர், சிட் டவுன்' என்று கட்டளை மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு உரையாடல் எங்கிருந்து வரும்? தாத்தா பாட்டியோடு பேச்சு அறுந்துவிட்டால், மேலே சொன்ன செந்தூல் பாட்டியின் உதவியும் அறுந்துவிடும். பள்ளிக்கும் தெரபிக்கும் மலாயோ ஆங்கிலமோ தேவைப்படும்தான். படச் செயலியில் தமிழ்ச் சொற்களை உங்கள் குரலிலேயே பதிந்து கொடுக்கலாம்.

மகள் பள்ளியில் தங்கம் என்கிறார்கள். வீட்டு வாசலில் காலை வைத்ததும் கத்திக் கூச்சலிடுகிறாள். வீட்டில் செல்லம் அதிகமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளையின் பெற்றோர். பள்ளியில் அவள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே நடிக்கிறாள்: அவர்கள் சிரித்தால் சிரிக்கிறாள், காதைப் பொத்தத் தோன்றும்போது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறாள். ஆறு மணி நேரம் இப்படிப் பிடித்து வைத்திருந்ததுதான் வீட்டில் உடைகிறது. உங்களிடம் உடைகிறாள் என்றால் உங்களை நம்புகிறாள்.

'பள்ளியில் ஒரு பிரச்சினையும் இல்லையே, எதற்கு உதவி?' என்று கேட்பார்கள். வகுப்பில் தெரியாவிட்டாலும் தேவை இருக்கிறது, அதற்கான விலையை வீடு கொடுக்கிறது. பள்ளி முடிந்த முதல் ஒரு மணி நேரம் அவளை எதுவும் கேட்காதீர்கள். டியூஷன், வயலின், நீச்சல் என்று அடுக்கியிருந்தால் ஒன்றிரண்டை எடுத்துவிடுங்கள். இப்படியே பல ஆண்டு ஓடினால் பதினைந்து பதினாறில் ஒரேயடியாகக் களைத்துப்போய், பழகிய வேலைகள்கூட வராமல் படுத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போதுதான் ஆட்டிசமே முதன்முதலில் தெரிய வருவதும் உண்டு.

நன்றாக முன்னேறிவிட்டான். தெரபியை நிறுத்தலாமா? உதவியாளரை எடுத்துவிடலாம் என்று பள்ளியும் சொல்கிறது.

முன்னேற்றம் எதனால் வந்தது என்று முதலில் பாருங்கள். உதவியால் நன்றாக இருக்கும் பிள்ளையும், உதவி இல்லாமலே நன்றாக இருக்கும் பிள்ளையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பந்தலைப் பிரித்துவிட்டு அவரைக்கொடி ஏன் தரையில் கிடக்கிறது என்று கேட்கும் கதையாகிவிடக் கூடாது.

அதற்காக எந்த உதவியையும் எடுக்கவே கூடாது என்பதில்லை. தேவைக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உதவியும் கெடுதல்தான். பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தே பழக்கப்பட்ட பிள்ளை தானாகப் பென்சில் எடுக்காது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறையுங்கள். எளிதான பாடத்தில் முதலில். ஆண்டுத் தொடக்கத்தில் வேண்டாம், வீட்டில் குழந்தை பிறந்த சமயத்தில் வேண்டாம், வீடு மாறும் மாதத்தில் வேண்டாம். சில வாரம் கவனித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மறுபடி தேவைப்பட்டால் எப்படித் திரும்ப வாங்குவது என்பதை நிறுத்துவதற்கு முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கவனமும் பணமும் பெரும்பாலும் சிறுவயதில்தான் குவிகின்றன. செந்தூலில் இருக்கும் அரசின் ஆட்டிசம் மையமான ஜீனியஸ் கூர்னியாவும் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கானது. ஏழு வயதுக்கு மேல் அரசு மருத்துவமனைத் தெரபிக்கு இடைவெளி நீண்டுகொண்டே போகும், தனியார் கட்டணம் எட்டாது. பிள்ளைக்குத் தேவை குறைந்துவிட்டதால் சேவை குறைகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். ஒருவருக்குக் குணமானதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2003 முதல் 2013 வரை ஆட்டிசம் கண்டறியப்பட்ட 569 பிள்ளைகளில் 38 பேருக்கு, அதாவது 7 விழுக்காட்டினருக்கு, சில ஆண்டுக்குப் பின் பார்த்தபோது ஆட்டிசத்துக்கான வரையறை பொருந்தவில்லை. அந்த 38 பேரிலும் மூன்று பேரைத் தவிர மற்றவர்களுக்குக் கற்றல் சிரமமோ, கவனக்குறைவோ, பதற்றமோ வேறு ஏதோ ஒன்று இருந்தது. மாமியார் சொல்வது சிலருக்கு ஓரளவு நடக்கும், அப்போதும் உதவி வேண்டியிருக்கும். மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம். பேரனின் நாளை அவரே ஒரு வாரம் நடத்திப் பார்க்கட்டும்.

உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் மருந்து, வெளுப்புக் கரைசல், ஸ்டெம்செல் ஊசி என்று குணப்படுத்துவதாக விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். சில உயிருக்கே ஆபத்து. வேண்டுதல் வையுங்கள், தாயத்துக் கட்டுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கழுத்தில் கயிறு உறுத்துகிறதென்று பிள்ளை பிய்த்து எறிந்தால் சாமிக்குற்றம் என்று அடிக்காதீர்கள்.

சிறப்பு வகுப்பில் சேர்த்தால் கடைசிவரை அங்கேயேதானா?

சட்டப்படி அப்படி இல்லை. அரசுப் பள்ளிக்குள் தனி வகுப்பாக நடக்கும் பிபிகேஐ, பொது வகுப்பிலேயே மற்றவர்களோடு படிக்கும் உள்ளடங்கிய கல்வி, முழுச் சிறப்புப் பள்ளி என மூன்று ஏற்பாடு இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்க்க மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு சோதனைக் காலம் உண்டு. சில பாடத்துக்கு மட்டும் பொது வகுப்புக்குப் போய்வருவதும் நடக்கிறது.

நடைமுறையில் நகர்வது கடினம், உண்மைதான். பிபிகேஐ வகுப்புகள் பெரும்பாலும் தேசியப் பள்ளிகளில் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் குறைவு. தமிழ்ப்பள்ளியா, உதவியா என்று பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருவது நியாயமில்லை, ஆனால் வருகிறது. எங்கே சேர்த்தாலும் ஆர்பிஐ எனும் தனிநபர் கல்வித் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போன ஆண்டு இலக்கையே இந்த ஆண்டும் தேதி மாற்றி எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

ஓகேயூ எனும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் முத்திரை விழுந்துவிடாதா?

பதிவு கட்டாயமில்லை. சமூகநல இலாகாவில், 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் செய்வது. ஆட்டிசம் 'கற்றல் சிரமம்' என்ற பிரிவில் வரும். பள்ளிச் சேர்க்கை, வரிக்கழிவு, பிற்காலத்தில் வேலை உதவித்தொகை என்று பலவற்றுக்கு அது கேட்கப்படும். தேவை குறைந்த ஆண்டுகளில் அட்டை அலமாரியில் கிடக்கட்டும், கூடும் ஆண்டில் ஓடித்திரிய வேண்டியிருக்காது. எடுங்கள் என்பதே என் கருத்து.

பதின்மூன்று வயதில் திடீரென்று முரட்டுத்தனம் வந்துவிட்டது. சின்ன வயதில் இப்படி இல்லையே?

முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி, தூக்கமின்மை. சொல்லத் தெரியாத வலி கைகால் வழியாகத்தான் வெளியே வரும். பல் மருத்துவரிடம் போய்வந்த மறுநாளே அடங்கிய 'முரட்டுத்தனம்' உண்டு.

பிறகு மனம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பத்தில் நான்கு பேருக்கு மருத்துவக் கவனம் வேண்டிய அளவு பதற்றம் இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பருவ வயதில் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, அளவு. ஐந்து வயதில் தரையில் புரண்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதே செயலை எழுபது கிலோ உடம்போடு மிட்வேலி பேரங்காடியில் செய்தால் காவலாளிகள் ஓடிவருவார்கள். பழக்கம் பழையதுதான், அதைச் சமாளிக்கத் தேவையான ஆட்களின் எண்ணிக்கைதான் கூடிவிட்டது. அம்மா தனியாக அழைத்துப்போன இடங்களுக்கு இனி அப்பாவோ மாமாவோ கூட வர வேண்டியிருக்கும். குடும்பம் இதை முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

உடல் மாற்றத்தைப் பற்றி ஒன்பது பத்து வயதிலேயே தொடங்குங்கள். பெண்பிள்ளைக்குச் சானிட்டரி பேட் வைத்துப் பழக்குவது முதல் மாதவிடாய்க்கு முன்பே நடக்க வேண்டும், அந்த உறுத்தலே சிலருக்குத் தாங்காது. பெரிய சடங்கு வைக்கும் எண்ணம் இருந்தால் அவளால் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். மேடை, பட்டுப்புடவை, நானூறு பேர் எல்லாம் அவளுக்காகவா, ஊருக்காகவா? ஆண்பிள்ளைக்கு, அறைக்குள் தனியாக இருக்கும்போது செய்வது எது, பொது இடத்தில் கூடாதது எது என்று வெட்கப்படாமல் படம் போட்டே சொல்லுங்கள். எட்டு வயதில் எல்லாரையும் கட்டிப்பிடித்ததை ரசித்த உறவினர்கள் பதினாறு வயதில் போலீசைக் கூப்பிடுவார்கள்.

பள்ளி முடிந்த பிறகு?

பிபிகேஐயில் பத்தொன்பது வயதுவரை இருக்கலாம். அதற்குப் பிறகு காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாமல் போவதுதான் பெரிய அடி. பள்ளி என்ற ஒற்றை ஏற்பாடு நின்றதும், பேருந்து ஏறத் தெரிந்த பிள்ளை ஓராண்டு வீட்டில் முடங்கி அதையும் மறந்துவிடும். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும்போது வரலாறு தெரிந்த மருத்துவரும் போய்விடுவார்.

பதினான்கு வயதிலேயே யோசிக்கத் தொடங்குங்கள். ஷா ஆலாமிலும், கெடா மெர்போக்கிலும் சிறப்புத் தேவை மாணவர்களுக்கான தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன. சமூகநல இலாகாவின் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையங்கள், 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க உள்ளன. 1987இல் தொடங்கிய தேசிய ஆட்டிசம் சங்கமான நாசோம் வளர்ந்தவர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. உங்கள் மாமா கடையில் வாரம் இரண்டு நாள் பொட்டலம் கட்டுவதும் வேலைதான், சம்பளம் கொடுத்தால்.

1943இல் லியோ கான்னர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய 11 பிள்ளைகளில் முதல் பிள்ளை, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு காப்பகத்தில் விட்டார்கள், பிறகு பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வளர்ந்து வங்கியில் வேலை பார்த்தார், இருபத்தேழு வயதில் கார் ஓட்டப் பழகினார், தனியாக நாடு நாடாகச் சுற்றினார், 2023இல் 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம், அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட சிறிய ஊர், இரண்டும் அவருக்கு அமைந்தன. எல்லாருக்கும் அமையாது என்பதும் தெரிந்ததுதான். அதனால்தான் பிள்ளையை மட்டும் பழக்காமல் பக்கத்து வீட்டாரையும், கோயில் குருக்களையும், ரொட்டி சானாய் கடைக்காரரையும் பழக்குங்கள் என்கிறேன்.

மறுமதிப்பீடு எப்போது? போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

ஒன்றாம் ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, படிவம் 1க்கு முந்தைய ஆண்டு, பள்ளி முடிவதற்கு இரண்டு ஆண்டு முன், இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். இடையில் ஏதாவது திடீரென மாறினால் அப்போதும். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க மாதக்கணக்காகும், அதனால் பரிந்துரைக் கடிதத்தை முன்கூட்டியே வாங்குங்கள்.

பழைய அறிக்கைகள், ஆர்பிஐ, ஆசிரியரின் குறிப்பு, நல்ல நாளிலும் மோசமான நாளிலும் எடுத்த சிறு காணொளிகள் வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கொண்டுபோவதில்லை: ஒரு சாதாரண நாளில் பிள்ளைக்காக நீங்கள் செய்வதன் பட்டியல். பல் துலக்கும்போது பக்கத்தில் நிற்பது, காலுறையின் தையலைத் திருப்பிவிடுவது, கடைக்குப் போகும் முன் மூன்று முறை சொல்லி வைப்பது, இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்பது. பழகிப்போனதால் உங்களுக்கே இவை உதவியாகத் தெரியாது. 'தானே சாப்பிடுகிறானா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவீர்கள். பிசைந்து, ஆறவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் நினைவூட்டியது கணக்கில் வராது, அறிக்கையில் தேவை குறைவாகப் பதிவாகிவிடும்.

பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் அதையும் கேளுங்கள். பத்து வயதுக்கு மேல் பலருக்குத் தெரியும்: எந்த வகுப்பு பிடிக்கவில்லை, எந்தச் சத்தம் தாங்கவில்லை, யார் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று.

அறிக்கை கைக்கு வந்ததும் பள்ளிக்கு நகல் மட்டும் கொடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.